பொது அமைப்புகள் மீதான நம்பிக்கை: ஒரு சொல் விளக்கம்

‘ட்ரஸ்ட் சர்வே’ என்றதும் டெல்லித் தமிழர்களுக்குக் கோயில் ட்ரஸ்ட்தான் முதலில் நினைவுக்கு வரும். அது அறக்கட்டளை. இங்கே பேச்சு வேறு: நீதிமன்றம், போலீஸ், நாடாளுமன்றம் இவற்றை மக்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு அளப்பது. ‘பொது நிறுவனங்கள்’ என்று எழுதினால் கம்பெனி வாடை அடிக்கிறது. ‘பொது அமைப்புகள்’ தேவலை.

ட்ரஸ்ட் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேரில் உறுதி என்ற பொருள் இருக்கிறது. நம்முடைய ‘நம்பு’ அப்படியில்லை. ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். அதாவது பழந்தமிழில் நம்புவது விரும்புவது. ஆராய்ந்து ஒருவரை ஏற்பதற்கு வள்ளுவர் எடுத்தது ‘தெளிவு’, ‘தேறுதல்’ என்ற சொற்களை: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ (மேடைப் பேச்சாளர்கள் ‘நம்பிக்கை’யை ‘நம் கை’ என்று பிரிப்பதை மறந்துவிடலாம். வாழ்க்கை, வருகையில் இருக்கும் அதே விகுதிதான் இந்தக் ‘கை’.)

அந்தப் பழைய விருப்பம் இன்னும் போகவில்லை. ‘மழை வரும்னு நம்பிக்கை இருக்கு’ என்கிறோமே! கருத்துக்கணிப்புக்கு இதுதான் தலைவலி: பதில் சொல்பவர் நம்புகிறாரா, விரும்புகிறாரா என்று தெரியாது. 1981இல் தொடங்கிய உலக மதிப்பீடுகள் ஆய்வு, மிக அதிகம் முதல் துளியும் இல்லை வரை நான்கு கட்டங்கள் தருகிறது. டெல்லி சிவில் லைன்ஸில் உள்ள சி.எஸ்.டி.எஸ். என்ற சமூக ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவும் இப்படி அளப்பதுண்டு. இந்தியில் ‘பரோசா’ என்று கேட்டுவிடலாம். ‘விஸ்வாஸ்’ என்றாலும் சரி. ஆனால் தமிழில் விசுவாசம் நாய்க்கும் தொண்டனுக்கும் உரியதாகிவிட்டது.

இன்னொரு குழப்பம் நம்பகத்தன்மை. அது அமைப்பிடம் இருக்கும் குணம். நம்பிக்கை மக்கள் மனதில் இருப்பது. சர்வே அளப்பது இரண்டாவதை. தலைப்புப் போடுகிறவர்கள் முதலாவதை எழுதிவிடுகிறார்கள்.

ஒருமுறை ஆர்.கே.புரத்தில் சர்வே எடுக்க வந்த பையன் இந்தியில் கேட்டதை, பக்கத்து வீட்டு மாமிக்காக நான் மொழிபெயர்க்க வேண்டி வந்தது. “மாமி, போலீஸ் மேல நம்பிக்கை இருக்கான்னு கேக்கறார்.”

“நம்பித்தானேப்பா இருக்கோம். வேற யார்கிட்ட போறது?”

இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அந்தப் பையன் ‘ஓரளவு’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டான்.