ஐந்து நாள் இலவசத்துக்கு இருபது சென்ட் பூட்டு

சிறு நிறுவனங்களுக்கு டொமைன் (இணையதளப் பெயர்) வாங்கிக் கொடுப்பது, தளத்தை இணையத்தில் ஏற்றி வைக்கும் ஹோஸ்டிங்கைப் பார்த்துக்கொள்வது, இதுதான் இருபது வருடமாக என் வேலை. 2007-இல் கரூரில் துண்டு, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவர் பதறிப்போய் போன் செய்தார். அவருடைய டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்திருந்தார். நினைவூட்டல் மெயில் எல்லாம் வேலையை விட்டுப்போன ஒரு பையனின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. காலாவதி ஆன பிறகு ஒன்றரை மாதம் வரை கிடைக்கக்கூடிய சலுகைக்காலம், அப்புறம் அதிகக் கட்டணம் கட்டி மீட்கக்கூடிய 30 நாள், கடைசியில் எதுவுமே செய்ய முடியாத 5 நாள், எல்லாம் முடிந்து பெயர் பொதுவில் விழுந்துவிட்டது. விழுந்த சில நொடிகளில் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் சாதாரணக் கதை. எடுத்தவருக்குக் கடிதம் எழுதிப் பார்க்கலாம் என்று, ஒரு பெயர் யாரிடம் இருக்கிறது எனக் காட்டும் ஹூயிஸ் பதிவைத் திறந்தோம், ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. நான்கைந்து நாள் கழித்துப் பார்த்தால் அங்கே வேறு நிறுவனம், வேறு ரிஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து விற்கிறவர்). அடுத்த வாரம் இன்னொன்று. பக்கம் மட்டும் மாறவே இல்லை: துண்டு, டவல், பெட்ஷீட் என்று வரிசையாக விளம்பர லிங்குகள். அவருடைய அட்டைப்பெட்டிகளிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்திருந்த முகவரியைத் தட்டி வந்த வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அந்த லிங்குகளை அழுத்தி அவருடைய போட்டியாளர்களிடம் போய்க்கொண்டிருந்தார்கள். யாரிடம் முறையிடுவது? உரிமையாளர் என்று ஒருவர் ஒரு வாரம் நிலையாக இருந்தால்தானே.

இது எப்படி சாத்தியமானது என்று தேடிப்போனபோதுதான் டொமைன் உலகத்தின் 5 நாள் சோதனைக்காலத்தை முழுதாகப் புரிந்துகொண்டேன்.

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு மேலே, அந்தப் பெயர்களின் முழுப் பதிவேட்டையும் வைத்திருக்கும் ஒரு ரிஜிஸ்ட்ரி உண்டு (டாட் காமுக்கு வெரிசைன்), அதற்குக் கீழே நமக்கு விற்கும் ரிஜிஸ்ட்ரார்கள், அவர்களுக்கும் கீழே என்னைப் போன்ற ரீசெல்லர்கள். ரிஜிஸ்ட்ரார் ஒரு பெயரைப் பதிந்து 5 நாளுக்குள் அழித்தால், ரிஜிஸ்ட்ரி முழுப் பணத்தையும் அவர் கணக்கில் திரும்ப வைத்துவிடும். நியாயமான ஏற்பாடுதான். எழுத்துப் பிழையோடு பதிந்துவிட்டால், திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கியது தெரிந்தால், இந்த அவகாசம் தேவை. எங்கள் ஊர்ப் பக்கம் இது இன்னும் அதிகம் தேவை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ‘எல்’ போடுவதா ‘இஸட் எச்’ போடுவதா என்பதிலேயே பாதிப் பேர் மறுநாள் மனம் மாறுவார்கள்.

ஆனால் இந்த அவகாசத்துக்கு எண்ணிக்கையில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. அந்த ஒரு ஓட்டை போதுமானதாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். அப்போது ஒரு டாட் காமுக்கு ரிஜிஸ்ட்ரார் மேலே கட்டும் விலை வருடத்துக்கு 6 டாலருக்குச் சற்று மேல். 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 2 சென்ட்கூட இல்லை. ஆக, ஒரு பெயர் விளம்பரத்தில் தினம் 2 சென்ட் சம்பாதித்தாலே அதை வைத்திருப்பது லாபம். எந்தப் பெயர் சம்பாதிக்கும், எது சம்பாதிக்காது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் 5 நாள் இலவசமாகக் கிடைக்கிறதே! ஒரு லட்சம் பெயரை அள்ளிப் பதிவது, எல்லாவற்றிலும் விளம்பரப் பக்கம் போடுவது, 5 நாள் கிளிக்குகளை எண்ணுவது, தேறிய ஆயிரத்தை வைத்துக்கொண்டு மீதி 99,000-ஐ அழித்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இதற்கு டொமைன் டேஸ்டிங் என்று பெயர். இன்னும் ஒரு படி மேலே போய், அழித்த அடுத்த நொடியே அதே பெயரை இன்னொரு ரிஜிஸ்ட்ரார் வழியாகத் திரும்பப் பதிந்து, காசே கட்டாமல் மாதக்கணக்கில் சுழற்றினார்கள். அது கைட்டிங். கரூர்க்காரரின் பெயருக்கு நடந்ததைப் பார்த்தால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இதைச் செய்ய ரிஜிஸ்ட்ரியிடம் பெரிய தொகையை முன்பணமாக வைத்திருக்க வேண்டும் என்பதால் சாதாரண ஆட்களால் முடியாது. ரிஜிஸ்ட்ரார் உரிமத்தையே கையில் வைத்திருந்தவர்கள் செய்த வேலை இது. அளவு எவ்வளவு என்றால், 2007 பிப்ரவரியில் பதிவான 5.51 கோடி பெயர்களில் 5.15 கோடி பெயர்கள் 5 நாள் முடியும் முன்பே அழிக்கப்பட்டுப் பணம் திரும்பியது என்று டொமைன் விற்கும் கோடாடி நிறுவனத்தின் அன்றைய தலைவர் பாப் பார்சன்ஸ் கணக்குச் சொன்னார். உண்மையாக வாங்கப்பட்டவை 36 லட்சம்தான். அதாவது நூறு பதிவில் 93 பதிவு வெறும் ருசி பார்ப்பு.

பாதிக்கப்பட்டவர்கள் பலவகை. புதிதாகக் கடை தொடங்குகிறவர் விரும்பிய பெயர் இருக்கிறதா என்று தேடினால் எப்போது பார்த்தாலும் எடுத்தாகிவிட்டது என்று வரும். பிரபலமான நிறுவனங்களுக்கு, அவர்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிந்த பெயர்கள் ஆயிரக்கணக்கில். டொமைன் தகராறுகளுக்கென்று யுடிஆர்பி என்ற நடைமுறை 1999-லிருந்து இருக்கிறது, ஆனால் அதில் ஒரு புகாருக்குச் சுமார் 1,500 டாலர் கட்டி, தீர்ப்புக்கு இரண்டு மாதம்போலக் காத்திருக்க வேண்டும். எதிராளியோ 5 நாளில் பெயரை அழித்துவிட்டுப் போய்விடுகிறான். வழக்கு யார் மேல்? 2007-இல் டெல் நிறுவனம் ஃபுளோரிடாவில் சில ரிஜிஸ்ட்ரார்கள் மேல் நேராகக் கோர்ட்டுக்கே போனது. அவ்வளவு வசதி எல்லோருக்கும் இல்லை.

சரி, இதை எப்படி அடக்கினார்கள்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் துணிந்தது டாட் ஆர்க் நடத்தும் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரிஜிஸ்ட்ரி. பதிந்ததில் 90 சதவீதத்துக்கு மேல் அழிக்கிற ரிஜிஸ்ட்ரார் ஒவ்வொரு அழிப்புக்கும் 5 சென்ட் கட்ட வேண்டும் என்றது. வெறும் 5 சென்ட். 2007 மே மாதம் 24 லட்சமாக இருந்த அழிப்புகள் ஜூனில் சுமார் ஒன்றரை லட்சமாக விழுந்தன. அதைப் பார்த்த பிறகும் மற்ற இடங்களில் முடிவெடுக்க ஒரு வருடம் இழுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். உலக அளவில் டொமைன் விதிகளை வகுக்கும் அமைப்பு ஐகேன். இணையத்தைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்களுக்காக அதில் இருக்கும் ஆலோசனைக் குழுதான் இதை அதிகாரபூர்வமாக ஆராயச் சொல்லிக் கேட்டது. இடையில் 2008 ஜனவரியில், பதிந்து 5 நாள் ஆகாத பெயர்களில் விளம்பரம் காட்ட மாட்டோம் என்று கூகுள் அறிவித்தது. பணம் வரும் குழாயில் அது ஒரு அடைப்பு.

2008 ஜூலை முதல் ஐகேன், ஒவ்வொரு பதிவுக்கும் தான் வாங்கும் 20 சென்ட் கட்டணத்தை, அளவுக்கு மீறிய அழிப்புகளுக்கும் வசூலிக்கத் தொடங்கியது. அன்றைய மதிப்பில் 9 ரூபாய்கூட இல்லை. ஜூனில் 1.76 கோடி அழிப்புகள், ஜூலையில் 28 லட்சம். ஒரே மாதத்தில்! அப்புறம் 2009 ஏப்ரல் 1-இலிருந்து முழுக் கொள்கை அமலுக்கு வந்தது: ஒரு ரிஜிஸ்ட்ரார் அந்த மாதம் உண்மையாகப் பதிந்து வைத்துக்கொண்ட புதுப் பெயர்களில் 10 சதவீதம், அல்லது 50 பெயர், இரண்டில் எது அதிகமோ அதுவரைதான் பணம் திரும்பும். அதற்கு மேல் அழித்தால் பெயரின் முழு விலையும் போனது போனதுதான். மேலே சொன்ன ஒரு லட்சம் பெயர்க்காரருக்கு இந்தக் கணக்கைப் போட்டால், தேறிய ஆயிரத்தில் 10 சதவீதம் 100 பெயர், அது போக 98,900 பெயருக்கும் பணம் வராது. ஏறக்குறைய 6 லட்சம் டாலர் கைநட்டம். யார் செய்வார்? 2009 ஜூலையில் அழிப்புகள் 58 ஆயிரம்தான்.

அந்த 5 நாள் அவகாசத்தையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எடுக்காமல் விட்டது சரி என்பதுதான் என் கட்சி. எடுத்திருந்தால் என் வாடிக்கையாளரின் ழகரப் பிழைக்கு அவரோ நானோ தண்டம் கட்டியிருப்போம், திருட்டுக் கார்டு நட்டம் சிறிய ரிஜிஸ்ட்ரார்கள் தலையில் விழுந்திருக்கும். தவறிப் பதிகிறவன் மாதத்துக்கு ஐம்பது அறுபது பெயரை அழிப்பான், தவறையே தொழிலாகச் செய்கிறவன் லட்சக்கணக்கில் அழிக்கிறான். இரண்டையும் பிரிக்க எண்ணிக்கை ஒன்றே போதும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

இந்த அனுபவம் இருந்தும், முழு இலவசம் வேறு வடிவில் திரும்ப வந்தது. டோக்கலாவ் தீவுகளின் டாட் டிகே, கபோனின் டாட் ஜிஏ, மாலியின் டாட் எம்எல் போன்றவற்றை ஃப்ரீனாம் என்ற நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. போலி வங்கிப் பக்கங்கள் அதில் குவிந்தன. எனக்கு வந்த மோசடி லிங்குகளின் கடைசியில் இந்த டாட் எழுத்துகளைப் பார்த்து அலுத்துப்போன காலம் உண்டு. மெட்டா வழக்குப் போட்டது, 2023-இல் புதுப் பதிவுகள் நின்றன, அதே வருடம் கபோன் தன் டாட் ஜிஏ-வைத் தன் கைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு சுமார் 70 லட்சம் பெயர்களை நீக்குவதாக அறிவித்தது, 2024-இல் ஃப்ரீனாம் தொழிலை விட்டே விலகுவதாகச் சொன்னது. இப்போது தள்ளுபடி என்று முதல் வருடத்தைக் கிட்டத்தட்ட சும்மா கொடுக்கிற புதிய டாட் பெயர்கள்மேல் எனக்கு அதே கவலை இருக்கிறது. 2024 ஏப்ரல் 5 முதல், ஃபிஷிங் (ஏமாற்றித் தகவல் திருடுவது), மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) போன்றவற்றுக்குப் பயன்படுவதாகத் தக்க ஆதாரம் கிடைத்தால் ரிஜிஸ்ட்ராரும் ரிஜிஸ்ட்ரியும் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று ஐகேன் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே மோசடிப் பக்கம் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு, முழு முகவரியோடு அந்த ரிஜிஸ்ட்ராரின் புகார் மெயிலுக்கு அனுப்புங்கள். ஐகேனின் டொமைன் தேடல் பக்கத்தில் (lookup.icann.org) அந்த மெயில் முகவரி கிடைக்கும்.

டொமைன் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 5 நாள் ரீஃபண்ட் என்பது ரிஜிஸ்ட்ரிக்கும் ரிஜிஸ்ட்ராருக்கும் இடையிலான ஏற்பாடு. உங்களிடம் விற்றவர் அதை உங்களுக்குத் தர வேண்டிய கட்டாயம் இல்லை, அவரவர் கடை விதிதான். அதனால் பணம் கட்டுவதற்கு முன் விதியைப் படியுங்கள், பெயரை ஒவ்வொரு எழுத்தாக இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பிழை தெரிந்தால் நாலாவது நாள் வரை வைத்திருக்காமல் அன்றைக்கே விற்றவருக்கு போன் போடுங்கள்.

கரூர்க்காரருக்குப் பழைய பெயர் கிடைக்கவே இல்லை. கடைசியில் அதை வைத்துக்கொண்டவர் கேட்ட விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. நடுவில் ஒரு கோடு போட்ட புதுப் பெயரை எடுத்தோம், டாட் காமுக்கு அதிகபட்சமாக எவ்வளவு வருடம் கட்டலாம் என்று கேட்டார், 10 என்றேன், பத்துக்கும் கட்டினார். நினைவூட்டல் மெயில் இப்போது அவருக்கும், அவர் மகளுக்கும், எனக்கும் வருகிறது.