டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையை மைதானத்திலிருந்து கூட்டி வராதீர்கள்: ஒரு மாற்று ஆட்டக்காரரின் கதை

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "பி.டி. பீரியடில் உட்கார வைக்கச் சொல்லிட்டோம் டாக்டர்", "கபடி டீமில் இருந்தான், நிறுத்திட்டோம்" என்பார்கள். பயத்தில் நியாயம் உண்டு. சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, கண் செருகிய பிள்ளையை ஒருமுறை மடியில் தாங்கிய தாயிடம் "பயப்படாதீர்கள்" என்று சொல்வது எளிது. அவருக்கு அது போதாது. அதனால் வாதாடுவதற்குப் பதில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தப் பேச்சு எழுந்தாலே வாசிம் அக்ரமைச் சொல்வார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் அவருக்கு நோய் தெரிந்தது முப்பது வயதையொட்டி, உலகமே அவர் பந்துவீச்சைக் கொண்டாடிய பிறகு. பத்து வயதில் ஊசி போடத் தொடங்கிய பிள்ளைக்கு நான் சொல்வது சாம் ஃபுல்டைப் பற்றி.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வளர்ந்தவர். பத்து வயதில் டைப் 1 என்று தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டே பேஸ்பால் ஆடினார். 2004இல், அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சிகாகோ கப்ஸ் அணி பத்தாவது சுற்றில்தான் அவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்று ஆண்டுகள் கீழ்நிலை லீகுகளில் ஆடி, 2007 செப்டம்பரில் முதல் நிலை லீகில் கால் வைத்தார். அடுத்த ஆண்டு முழுவதும் மறுபடி கீழே. ஓய்வு பெறும்வரை எட்டு சீசன்கள் முதல் நிலையில் ஆடியிருக்கிறார். பேட்டிங் சராசரி 0.227 (ஆயிரம் முயற்சியில் ஏறக்குறைய 227 வெற்றிகரமான அடிகள்), மொத்த ஹோம் ரன்கள் (நம் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி) 12. எண்களை மட்டும் பார்த்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அவர் அணியின் நான்காவது அவுட்ஃபீல்டர்.

பேஸ்பாலில் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் எல்லைப் பக்கத்தில், நிற்பவர்கள் மூவர்: இடது, நடு, வலது. நான்காமவர் பெஞ்சில் இருப்பார். கிரிக்கெட்டின் பன்னிரண்டாம் ஆள் ஃபீல்டிங் மட்டும் செய்துவிட்டுத் திரும்புவார். இங்கே அப்படியில்லை. மாற்று ஆட்டக்காரர் உள்ளே போய்விட்டால் பேட்டும் பிடிப்பார், வெளியே வந்தவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. எப்போது கூப்பிடுவார்கள் என்று அவருக்கே தெரியாது. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவதிலேயே ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டால் உடனே ஓட வேண்டும். எட்டாவது இன்னிங்ஸில் பேஸில் (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்களில் ஒன்று) நிற்கும் மெதுவான ஆளுக்குப் பதிலாக ஓடச் சொல்லலாம். கூப்பிடாமலேயே ஆட்டம் முடிந்தும் போகலாம். ஒரு சீசனில் 162 ஆட்டங்கள், ஏறக்குறைய ஆறு மாதம், இடைவிடாத பயணம்.

சர்க்கரை மருத்துவராக எனக்கு மலைப்பைத் தருவது இந்த இடம்தான். தினமும் ஆடுகிறவருக்குக் கணக்கு ஓரளவு எளிது. ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, ஊசியில் எத்தனை யூனிட் குறைப்பது என்று திட்டமிடலாம். பெஞ்சில் இருப்பவர் என்ன செய்வார்? ஓடப்போகிறோம் என்று இன்சுலினைக் குறைத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை ஏறும். உட்காரத்தான் போகிறோம் என்று வழக்கமான அளவைப் போட்டபின் திடீரென்று கூப்பிட்டால், உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும் இன்சுலினோடு ஓட வேண்டியிருக்கும், சர்க்கரை இறங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. நிதானமான நீண்ட ஓட்டம் சர்க்கரையை இறக்கும். குறுகிய வேக ஓட்டமோ ஏற்றிவிடக்கூடும், ஏனெனில் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்துக்குள் அவிழ்த்துவிடுகிறது. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. அதை உயிரைக் கொடுத்து ஓடி முடித்ததும் மீட்டர் 230 காட்டலாம். அதைக் கண்டு பதறிக் கூடுதல் ஊசி போட்டால், நள்ளிரவில் தூக்கத்தில் சர்க்கரை தரையைத் தொடும். இந்தப் பொறியில் பெரியவர்களே விழுகிறார்கள்.

ஆகவே அடிக்கடி சோதிப்பது தவிர வேறு வழியில்லை. இப்படித் தயாராக இருந்தவருக்கு 2011 ஏப்ரலில் வாசல் திறந்தது. அப்போது அவர் டாம்பா பே ரேஸ் அணிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த அணியின் பிரபல அடிப்பாளர் மானி ராமிரெஸ் திடீரென்று ஓய்வை அறிவித்ததும் அணியில் இடங்கள் மாறின, ஃபுல்டுக்குத் தொடர்ந்து ஆடும் வாய்ப்பு வந்தது. சிகாகோவில் முழு உடம்பையும் வீசிப் பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தார். ஓரிரு நாளில் பாஸ்டனில் ஒரே ஆட்டத்தில் டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓட வைக்கும் அடி), ட்ரிப்பிள் (மூன்றாம் பேஸ் வரை), ஹோம் ரன் எல்லாம் அடித்துவிட்டார். ஒரு சிங்கிளும் (முதல் பேஸ் வரை) அடித்தால், நான்கையும் ஒரே ஆட்டத்தில் அடிக்கும் 'சைக்கிள்' என்ற அரிய சாதனை. கடைசியில் பந்தை அடித்தவர் முதல் பேஸில் நின்றிருந்தாலே சாதனை கையில். இரண்டாவது பேஸ் திறந்திருப்பதைப் பார்த்தார், ஓடிவிட்டார். அணிக்கு அதுதான் நல்லது என்று ஓடிய அந்த ஓட்டத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

பேர் பெற்ற அந்த மாதத்துக்குப் பிறகும் மாற்று ஆட்டக்காரரின் வாழ்க்கைதான். 2014 ஒரே ஆண்டில் ஓக்லாந்திலிருந்து மினசோட்டாவுக்கும், அங்கிருந்து மீண்டும் ஓக்லாந்துக்கும் போனார். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் புது பயிற்சியாளர்கள், புது மருத்துவக் குழு. நட்சத்திரத்தின் நோயை ஊரே அறியும். இடம் நிரந்தரமில்லாதவர் தானே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. ஃபுல்ட் மறைக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தபோதே, டைப் 1 உள்ள பிள்ளைகளுக்காக டாம்பாவில் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விளையாட்டு முகாம் நடத்தினார்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதே சிகாகோ கப்ஸில் அவருக்கு முந்திய ஒருவரின் கதை வேறு மாதிரி. ரான் சான்டோ, 1960 முதல் ஆடிய மூன்றாவது பேஸ் வீரர், பெரிய நட்சத்திரம். பதினெட்டு வயதில் டைப் 1 தெரிந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் ரசிகர்களிடம் 1971 வரை சொல்லவில்லை. கையடக்கக் குளுக்கோமீட்டர் இல்லாத காலம். உடம்பு நடுங்குவதை வைத்தே சர்க்கரை இறங்கியதை ஊகித்து, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஆடினார். பின்னாளில் இந்த நோயால் 2001இல் ஒரு காலையும், 2002இல் மறு காலையும் இழந்தார். கால்களைப் பறித்தது விளையாட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல பத்தாண்டுகள் அளவே தெரியாமல் ஓடிய சர்க்கரை செய்த வேலை அது. நிதி திரட்டுவதிலும் விழிப்புணர்விலும் கடைசிவரை உழைத்து 2010இல் மறைந்தார். ஃபுல்ட் கப்ஸில் ஆடியபோது அந்த அணியின் வானொலி வர்ணனையாளர் சான்டோதான்.

நம் வீடுகளில் நான் காண்பது இன்றும் சான்டோவின் பயமே. "ஸ்கூலில் சொல்ல வேண்டாம் டாக்டர்", "பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம்..." என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். அந்தச் சமூகத்தின் கொடுமை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மைதானத்தில் பிள்ளை தடுமாறும்போது பக்கத்தில் நிற்பவர் பி.டி. ஆசிரியர். அவருக்குத் தெரியாவிட்டால் "வெயிலில் மயக்கம்" என்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார், அந்த நிமிடங்கள் திரும்ப வராது.

அவரிடம் என்ன சொல்ல வேண்டும்? விளையாடும் முன் சர்க்கரை 126 முதல் 180க்குள் இருந்தால் பெரும்பாலும் நல்லது. 90க்குக் கீழே இருந்தால் முதலில் கொஞ்சம் குளுக்கோஸ், பிறகு ஆட்டம். நடுவே நடுக்கம், வியர்வை, சம்பந்தமில்லாத பேச்சு, திடீர்க் கோபம் எது வந்தாலும் நிறுத்திச் சோதிக்க வேண்டும். சோதிக்க வழியில்லை என்றால் இறங்கியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பொடி, அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் போட்டு, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாந்தியோ, கீட்டோனோ (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) இருக்கும் நாளில் மட்டும் விளையாட்டுக்கு விடுமுறை.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது இரவு. மாலையில் நன்றாக ஆடிய உடம்பு, தூங்கும்போதும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். படுக்கும் முன் ஒருமுறை, போட்டி நாட்களில் நள்ளிரவிலும் ஒருமுறை சோதியுங்கள். விளையாட்டு நாள் என்று இன்சுலினை அடியோடு நிறுத்தும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து. எத்தனை யூனிட் குறைப்பது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். மீட்டர் கணக்கு எழுதிய நோட்டோடு உங்கள் மருத்துவரிடம் போனால் அவர் வகுத்துத் தருவார். பள்ளிக்கு ஒரு கடிதமும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். பி.டி. ஆசிரியர் பெயருக்கே எழுதச் சொல்லுங்கள். குளுக்கோஸ் டப்பா மைதானத்தில் யார் கையில் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.