நிலத்தின் மேல் மின்கம்பி போகும்போது: கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டியவை

எரிசக்தி, உள்கட்டமைப்புச் சட்டத்தில் தொழில் செய்ய விரும்பும் இளம் வழக்கறிஞர்கள் என்னிடம் பேசும்போது மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தம், கட்டண மனு, தில்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் அந்தக் கோப்புகளில்தான் தொழில் கற்றேன். ஆனால் இந்தத் துறையில் ஆள் பஞ்சம் இருப்பது மாவட்ட நீதிமன்றத்தில்தான். அதுவும் நிலத்துக்காரர் பக்கத்தில்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை ஏறத்தாழ 1,765 கிலோமீட்டருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை அமைக்கப்பட்டபோது கொங்கு மாவட்ட விவசாயிகள் நடத்திய போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக, இத்தகைய பாதைகள் இன்னும் வரும். நாட்டுக்கு அவை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தேவைக்கான விலையைக் கம்பிக்குக் கீழே பயிர் செய்பவர் மட்டும் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

நிலத்துக்காரர்களுக்கு முதலில் ஒரு கசப்பான உண்மை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 164இன்படி அரசு ஓர் உத்தரவு பிறப்பித்துவிட்டால், 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்கள் மின்பாதை அமைக்கும் நிறுவனத்துக்குக் கிடைத்துவிடும். தந்திச் சட்டத்தை நீக்கிய 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம்கூட, மின்பாதைகளுக்கு மட்டும் அந்தப் பழைய விதிகள் தொடரும் என்று சொல்லிவிட்டது. அந்த அதிகாரத்தின் கீழ் கோபுரம் நட உங்கள் சம்மதம் தேவையில்லை. நீங்கள் தடுத்தால், தந்திச் சட்டத்தின் பிரிவு 16இன்படி மாவட்ட ஆட்சியர் அனுமதி உத்தரவு பிறப்பிக்கலாம். அதன் பிறகும் தடுப்பது குற்றமாகிவிடும். ஆகவே எவரேனும் கோபுரம் நட வந்தால், பிரிவு 164 உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த உத்தரவு இல்லையென்றால் நிலைமையே வேறு: உரிமதாரர் (மின்பாதை அமைக்க உரிமம் பெற்ற நிறுவனம்) பணிகளுக்கான 2006ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும், அங்கே நில உரிமையாளரின் சம்மதத்துக்கு இடமுண்டு.

நீதிமன்றத்தில் ‘கோபுரமே வரக் கூடாது’ என்ற ஒரே கோரிக்கையில் முழு வலிமையையும் செலவழித்துவிட்டு, இழப்பீட்டுப் பேச்சின்போது கையில் ஒரு காகிதமும் இல்லாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. சட்டம் வலுவாக உங்கள் பக்கம் நிற்கும் இடம் இழப்பீடுதான். தந்திச் சட்டத்தின் பிரிவு 10, இயன்ற அளவு குறைந்த சேதத்தோடு வேலையை முடிக்க வேண்டும் என்கிறது. ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதுவும் பட்டாதாரருக்கு மட்டுமல்ல, அந்த நிலத்தில் நலன் உள்ள எல்லோருக்கும். குத்தகைக்குப் பயிரிடுபவர் கோரிக்கை வைக்கலாம் என்பது பெரும்பாலான குத்தகைதாரர்களுக்குத் தெரிவதே இல்லை. நிலத்தின் உரிமையும் நிறுவனத்துக்குப் போய்விடுவதில்லை. அதற்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமை மட்டுமே.

வெட்டிய தென்னைக்கும் மிதிபட்ட மஞ்சளுக்கும் தரும் பணத்தோடு இழப்பீடு முடிந்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரம் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் விலை படியாது. 400 கிலோவோல்ட் பாதைக்கான வழித்தடத்தின் அகலமே 46 மீட்டர். இந்த மதிப்புக் குறைவும் சேதம்தான். கேரள மாநில மின்வாரியம் எதிர் லிவிஷா வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எவ்வளவு தொலைவில் போகிறது, ஓரமாகப் போகிறதா நடுவே போகிறதா என்பதையெல்லாம் பார்த்தே இழப்பீட்டை முடிவுசெய்ய வேண்டும். என் அனுபவத்தில், இரண்டு ஏக்கர் துண்டின் நடுவே கம்பி கடந்தால், அந்த நிலத்தைப் பற்றிப் பிறகு எவரும் மனை விலை பேசுவதில்லை.

மத்திய மின்துறை அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, கோபுரம் நிற்கும் பரப்புக்கு நில மதிப்பில் 200 விழுக்காடு, கம்பி செல்லும் வழித்தடத்துக்கு 30 விழுக்காடு. 2015இல் இவை 85 விழுக்காடாகவும் அதிகபட்சம் 15 விழுக்காடாகவும் இருந்தன. பயிருக்கும் மரத்துக்குமான இழப்பீடு இதில் சேராது, அது தனி. ஆனால் இவை வழிகாட்டுதல்கள்தான். மாநில அரசு ஏற்று ஆணையிட்டால்தான் நடைமுறையில் கைக்கு வரும். உங்கள் பாதைக்கு எந்த ஆணை பொருந்துகிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

அளவீட்டுக்காரர்கள் வயலில் கால் வைத்த அன்றே வேலை தொடங்கிவிட வேண்டும். அடங்கலில் உண்மையான பயிர் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். பல இடங்களில் தென்னை நிற்கும் நிலம் தரிசு என்றே கிடக்கும்! மரங்களை வரிசையாக எண்ணி, தேதியோடு படம் எடுங்கள். மரத்தின் வயதையும் காய்ப்பையும் தோட்டக்கலை அலுவலரைக் கொண்டு எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தில் கம்பி கடக்கும் கோட்டைக் குறித்து வையுங்கள். பக்கத்து நிலங்களின் அண்மைக்காலக் கிரயப் பத்திர நகல்களை எடுத்துவிடுங்கள். பதிவுத் துறை நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு மட்டும் போதாது என்று வாதிட அவைதான் ஆதாரம்.

இழப்பீட்டு ரசீதில் ‘முழுத் திருப்தியுடன் இறுதியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி இருந்தால், எதிர்ப்புடன் பெறுவதாகக் கைப்பட எழுதி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள். அப்படி எழுதவிடவில்லையென்றால் அதே நாளில் பதிவுத் தபாலில் எதிர்ப்பை அனுப்புங்கள்.

தொகை போதாதென்றால் தந்திச் சட்டத்தின் பிரிவு 16(3)இன் கீழ் மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம். காலம் கடத்தக் கூடாது. சட்டம் தனியாக மேல்முறையீட்டு உரிமை எதையும் தரவில்லை. உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரத்தை நாடுவது மட்டுமே மிச்சம். அதனால் எல்லாச் சான்றையும் முதல் கட்டத்திலேயே வைத்துவிட வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் மனுவே போடுவதில்லை. பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், வருமானம் எதுவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். அந்த அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.