47 சதவீதம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 47 சதவீத வேலைகள் கணினியிடம் பறிபோகக்கூடும் என்ற செய்தியை நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கார்ல் பெனடிக்ட் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் இருவரும் 2013-இல் போட்ட கணக்கு அது. அதைப் படித்துப் பயந்தவர்கள் ஏராளம். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. பார்க்க வேண்டியது அதைத்தான்.

அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ஓ-நெட் என்றொரு தரவுத்தளம் இருக்கிறது. ஒரு தொழிலுக்கு விரல் நுணுக்கம் எவ்வளவு வேண்டும், பேரம் பேசத் தெரிய வேண்டுமா, எதிரில் இருப்பவரின் மனநிலையைப் புரிந்துகொள்ள வேண்டுமா என்று தொழில்வாரியாக மதிப்பெண் போட்டு வைத்திருப்பார்கள். அதன் துணையோடு ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 702 தொழில்களை ஆராய்ந்தார்கள். ஆனால் மனிதர்கள் உட்கார்ந்து எடைபோட்டது 70 தொழில்களை மட்டும்தான். தரவுகளைக் காட்டிக் கணினியைப் பழக்கும் இயந்திரக் கற்றல் துறையின் ஆய்வாளர்களைக் கூட்டிவைத்துக் கேட்ட கேள்வி இது: போதுமான தரவு கிடைத்தால், இந்தத் தொழிலின் வேலைகளைக் கணினியால் இயங்கும் கருவி செய்துவிடுமா? செய்துவிடும் என்றால் 1, முடியாது என்றால் 0. பாதி முடியும் என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

அந்த 70 விடைகளையும் ஓ-நெட்டில் இருந்த ஒன்பது அம்சங்களின் மதிப்பெண்களையும் வைத்து ஒரு கணினி நிரலைப் பழக்கினார்கள். அது 702 தொழில்களுக்கும் ஆபத்தின் அளவைச் சொன்னது. ஆபத்து 70 சதவீதத்தைத் தாண்டிய தொழில்களில் இருப்பவர்களைக் கூட்டிப் பார்த்தால், அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம். தொழில்நுட்பத்தால் முடியுமா என்பதற்குத்தான் இது விடை. இத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று அவர்கள் சொல்லவே இல்லை. ஆடை அணிந்து காட்டும் மாடல்களுக்குக்கூட அந்தப் பட்டியலில் 98 சதவீத ஆபத்து!

சரி, இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டால்? மெலனி ஆர்ன்ட்ஸ், டெரி கிரிகரி, உல்ரிச் சீரான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2016-இல் அதைத்தான் செய்தார்கள். தொழிலின் பெயரை விட்டுவிட்டு, அன்றாடம் என்னென்ன செய்கிறோம் என்று தொழிலாளர்களே சொன்ன விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். கணக்கு எழுதும் குமாஸ்தாவைப் பாருங்கள். முதல் ஆய்வில் அவருக்கு 98 சதவீத ஆபத்து. ஆனால் குழுவாகச் சேராமல், யாரோடும் நேரில் பேசாமல் வேலையை முடிப்பவர்கள் அந்தத் தொழிலில் 24 சதவீதம்தான். மற்றவர்கள் விடுபட்ட ரசீதைக் கேட்டு யாரிடமாவது போய் நிற்கிறார்கள், ஒத்துப்போகாத தொகையை எதிரில் வைத்துப் பேசுகிறார்கள். வேலையின் பெயர் ஒன்று. அதற்குள் இருக்கும் காரியங்கள் பத்து. இப்படிக் கணக்கிட்டபோது, பெரும் ஆபத்தில் இருக்கும் வேலைகள் 21 நாடுகளின் சராசரியில் 9 சதவீதம்தான். அமெரிக்காவுக்கும் அதே 9தான்.

ஒரு காரியத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டால் மீதிக் காரியங்களுக்கு என்ன ஆகும்? அமெரிக்க வங்கிகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1995-க்கும் 2010-க்கும் இடையில் ஏடிஎம்கள் சுமார் ஒரு லட்சத்திலிருந்து நான்கு லட்சமாகப் பெருகின. கவுண்ட்டரில் பணம் எண்ணித் தருபவர்களோ, 1980-இல் ஏறக்குறைய 5 லட்சம் பேர், 2010-இல் 5.5 லட்சம். கிளைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள், கிளை நடத்தும் செலவு இறங்கியது, வங்கிகள் மேலும் கிளைகளைத் திறந்தன. பணம் எண்ணிய கைகள் கடன், அட்டை பற்றி வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு மாறின. அப்புறம் கைப்பேசியிலேயே வங்கி வந்தது. கவுண்ட்டர் ஊழியர்களின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. ஒரே தொழிலை இரண்டு தொழில்நுட்பங்கள் இரண்டு விதமாகத் தொட்டன. இதை ஒற்றைச் சதவீதத்தில் எப்படி அடக்குவது?

இன்னும் பிறக்காத வேலைகளை எப்படி எண்ணுவது என்பதும் பெரிய சிக்கல். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் சக ஆய்வாளர்களும் பின்னோக்கிப் போய் ஒரு வழி கண்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜனங்கள் தங்கள் வேலை என்று எழுதிக்கொடுக்கும் பெயர்களை வைத்து அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகம் ஓர் அகரவரிசைப் பட்டியல் வைத்திருக்கிறது. பத்தாண்டுக்குப் பத்தாண்டு அதில் புதிதாக நுழைந்த பெயர்களைத் தேடி எடுத்தார்கள். 2018-இல் வேலையில் இருந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் செய்த வேலைகளுக்கு 1940-இன் பட்டியலில் பெயரே இல்லை.