ஹாஷ் சரியாக இருந்தும் நுழைந்த நிரல்

திறமூல மென்பொருள் ஒன்றை நம் கணினியில் பில்டு செய்யத் தொடங்கினால், அதாவது மூல நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றத் தொடங்கினால், அதை எழுதியவர்கள் எழுதாத நிரல்களே பெரும்பாலும் முதலில் வந்து இறங்குகின்றன. ரஸ்ட் மொழித் திட்டம் ஒன்று நேரடியாக நான்கைந்து நூலகங்களை, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளை, மட்டுமே கேட்டிருக்கலாம். அவை தமக்கு வேண்டியவற்றைக் கேட்க, வந்தவை இன்னும் சிலவற்றைக் கேட்க, பட்டியல் நூறைத் தாண்டுவது வியப்பில்லை. இவற்றில் எது, எந்தப் பதிப்பில், எங்கிருந்து வந்தது என்பதற்குத் திட்டத்தைப் பராமரிப்பவரே பொறுப்பு.

ரஸ்டில் நூலகங்களைத் தருவிக்கும் கார்கோ கருவியிடம் ஒரு நூலகத்தின் ‘1.2’ பதிப்பைக் கேட்டால், 1.2.0 முதல் 2.0.0-க்கு முந்தையது வரை எதுவும் ஏற்புடையது என்று அது பொருள்கொள்கிறது. முதல் எண் மாறாதவரை பழைய நிரல்கள் பழுதுபடாது என்ற நூலக ஆசிரியரின் வாக்குறுதியே இதற்கு அடிப்படை. கார்கோ அதைச் சரிபார்ப்பதில்லை. கோ மொழியோ, திட்டத்தின் பகுதிகள் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்புகளுள் உயர்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்வதால், நேற்று வெளியான பதிப்பு யாரும் கேட்காமல் உள்ளே வருவதில்லை. இந்த நிதானமே மேலானது என்பது என் கருத்து.

தேர்வு முடிந்ததும் கார்கோ அதனைப் பூட்டுக் கோப்பில் பதிகிறது. நூலகங்கள் வெளியிடப்படும் பொதுக் களஞ்சியத்திலிருந்து வந்த ஒவ்வொரு நூலகத்தின் துல்லியமான பதிப்பு எண்ணுடன், அதன் கோப்பிலிருந்து கணக்கிடப்பட்ட, கைரேகை போன்ற ஷா-256 ஹாஷும் அங்கே இருக்கும். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் வேறாகிவிடும், பில்டு நின்றுவிடும்.

ஆனால் பூட்டில் குறித்த கோப்பு களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும். 2016 மார்ச்சில் லெப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, பாபெல் உள்ளிட்ட பெரிய திட்டங்களின் பில்டுகள் உடைந்தன. அதன்பின் என்பிஎம் தன் நீக்க விதிகளை இறுக்கியது. ரஸ்டின் களஞ்சியத்தில் ஆசிரியர் ஒரு பதிப்பை விலக்கினாலும், அதை ஏற்கெனவே பூட்டியவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும்.

இவை அனைத்தையும் தாண்டிய சிக்கல் 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் வளர்ச்சிநிலைக் கிளையான சிட்டில், தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிய மென்பொருள் பொறியாளர் ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட், எக்ஸ்இசட் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று, அதாவது ரகசிய நுழைவழி, இருப்பதைக் கண்டறிந்து அறிவித்தார். எஸ்எஸ்ஹெச் எக்ஸ்இசட்டின் நூலகத்தைக் கேட்டதே இல்லை. டெபியன் தன் எஸ்எஸ்ஹெச்சில், கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தை இணைத்திருந்தது. சிஸ்டம்டி நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை அழைத்துவந்தது.

நச்சு நிரல், பழுதான சுருக்கக் கோப்புகளைப் போலத் தோன்றும் சோதனைக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. மூல நிரலின் மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்திலும் அவை இருந்தன. ஆனால் அவற்றைப் பிரித்து பில்டுக்குள் செலுத்தத் தூண்டும் வரிகள், வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட டார் கோப்பில் இருந்த ஒரு எம்4 கோப்பில் (பில்டு ஸ்கிரிப்டை உருவாக்க உதவுவது) மட்டுமே இருந்தன, கிட்டில் இல்லை. லினக்ஸ் விநியோகங்கள் இறக்கியதும் டார் கோப்பையே. ஹாஷ் சரியாகப் பொருந்தியது, ஏனெனில் அது திருத்தப்பட்ட கோப்பின் ஹாஷ். அதே மூலத்திலிருந்து இருவர் தனித்தனியே பில்டு செய்து பைட் மாறாமல் ஒப்பிடும் முறையும் இங்கே உதவியிருக்காது. இருவருக்கும் ஒரே நச்சு கிடைத்திருக்கும். பில்டுக்கு முன் அமைப்புகளைத் தயார்செய்யும் கான்பிகர் ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்குவதும் பயன்படாது, அதற்கு ஊற்றான எம்4 கோப்பே மாற்றப்பட்டிருந்தது.

டார் கோப்பை கிட்டில் அதே பதிப்பைச் சுட்டும் குறியோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருந்தால் அந்த எம்4 கோப்பு தனித்துத் தெரிந்திருக்கும். ஆயினும் கான்பிகர் போன்ற உருவாக்கப்பட்ட கோப்புகள் டாரில் மட்டும் இருப்பது இயல்பு என்பதால், ஆயிரக்கணக்கான வேறுபாட்டு வரிகளுக்கிடையே அதைத் தேட வேண்டியிருந்திருக்கும். டாரை விடுத்து கிட் குறியிலிருந்தே பில்டு செய்திருந்தால் தூண்டும் வரிகள் வந்தே இருக்கமாட்டா. சோதனைக் கோப்புகள் பயனற்ற பைட்டுகளாகக் கிடந்திருக்கும்.