வண்டி இழுக்குதா? எப்போது இழுக்குது?

"அண்ணா, மூணு தடவை அலைன்மென்ட் பண்ணிட்டேனுங்க. இன்னும் வலது பக்கமா இழுக்குதுங்க."

போன மாதம் கோவையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். டீசல் ஹேட்ச்பேக், 80,000 கிலோமீட்டரைத் தாண்டியது. சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வதுதான் அலைன்மென்ட், அதன் ரிப்போர்ட் மூன்று கையில் வைத்திருந்தார். மூன்றிலும் எல்லா எண்ணும் பச்சை, அதாவது எல்லாம் சரி.

எப்போது இழுக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "லாரியை ஓவர்டேக் பண்ண மிதிக்கிறப்பங்க. காலை எடுத்தா இடது பக்கம் போகுதுங்க."

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் போகப் பார்ப்பதை டார்க் ஸ்டீயர் என்பார்கள். முன்சக்கரங்கள் இழுத்துப்போகும் கார்களில் வரும் சமாச்சாரம் இது. பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் இன்ஜினின் இழுவை பின்சக்கரத்துக்குப் போனது, முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். 1983-இல் மாருதி 800 வந்தபோது இழுப்பதும் திரும்புவதும் ஒரே ஜோடிச் சக்கரத்தின் தலையில் விழுந்தது. அந்தச் சின்ன இன்ஜினில் இழுவையே குறைவு என்பதால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. டர்போ டீசல்கள் வந்த பிறகுதான் கையில் தெரிய ஆரம்பித்தது.

காரணம் பானெட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் அதன் ஒரு முனையில் இருக்கும். அதனால் ஒரு சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் என்ற தண்டு குட்டை, இன்னொன்று நீளம். பட்டறையில் இதை ஆக்ஸில் என்றே சொல்வோம். நன்றாக மிதித்தால் வண்டியின் முகம் மேலே தூக்கும். அப்போது இரண்டு ஆக்ஸிலும் வெவ்வேறு சாய்வுக்குப் போகும். சாய்ந்த ஆக்ஸில் சக்கரத்தை உருட்டுவதோடு கொஞ்சம் திருப்பவும் பார்க்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கணக்கு நேராகிவிடும். சமமில்லாததால் மிச்சம் ஸ்டீயரிங் வழியாக உங்கள் கைக்கு வருகிறது. போதாக்குறைக்கு நீளமான ஆக்ஸில் கூடுதலாக முறுக்கிக்கொள்ளும்.

கார் கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. இன்ஜின் பிளாக்கில் ஒரு பேரிங் வைத்து, நடுவில் ஒரு துண்டு ஷாஃப்டைச் சேர்த்து, இரண்டு பக்க ஆக்ஸிலையும் ஒரே நீளமாக்கிவிடுவார்கள். 2009-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 300 குதிரைத்திறனுக்கு மேலுள்ள இன்ஜினை முன்சக்கரங்களில் மட்டுமே ஓட்டியது. அதற்காக ரெவோநக்கிள் என்று முன் சஸ்பென்ஷனையே வேறு மாதிரி அமைத்தார்கள். நாம் ஓட்டும் வண்டிகளுக்கு அவ்வளவு தேவையில்லை. லேசான இழுப்பு வண்டியின் சுபாவம், அதை அலைன்மென்டில் சரிசெய்ய முடியாது.

ஆனால் இவருடைய வண்டியில் இருந்தது லேசான இழுப்பு இல்லை. லிஃப்டில் ஏற்றி, வலது முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில், அதாவது அதன் ரப்பர் இணைப்பில், நெம்புகம்பியைக் கொடுத்து அழுத்தினேன். ரப்பர் வாயைப் பிளந்தது. என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல். மிதித்தால் ஆர்ம் முன்னால் நகர்கிறது, காலை எடுத்தால் பின்னால் வருகிறது, சக்கரமும் அதோடு திரும்புகிறது. அலைன்மென்ட் மெஷின் பார்ப்பது நின்றுகொண்டிருக்கும் வண்டியை. நிற்கும் வண்டியில் ஆர்ம் எங்கேயும் நகராது, அதனால்தான் எல்லாம் பச்சை. புஷ், ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் மூன்றையும் ஆட்டிப் பார்க்காமல் அலைன்மென்டில் ஏற்றுகிற கடைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் இழுக்கிறதா? முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான். சில டயர்களுக்கு மட்டும் சுற்றும் திசையை அம்புக்குறி போட்டிருப்பார்கள், அவற்றை இப்படி மாற்றக் கூடாது. நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் எந்த வண்டியும் இடது பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அதற்காக ஒர்க்‌ஷாப் வர வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைச் சந்தேகப்படுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, வீலைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே தெரியும், ஜாமான பக்கம் அனலாக அடிக்கும். 80, 90 வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், பிரேக்கில் நடுங்கினால் பிரேக் டிஸ்க். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக்கென்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட். அதை மூடியிருக்கும் பூட் என்ற ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கும். பூட் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் பூட் செலவோடு போயிருக்கும்.

தள்ளிப்போடவே கூடாதது பால் ஜாயின்டும் டை ராட் எண்டும். ரோட்டோரத்தில் முன்சக்கரம் மடங்கி ஒரு கார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பால் ஜாயின்ட் கழன்ற கதையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு முன்னால் பல வாரம் குழியில் இறங்கும்போதெல்லாம் கடக் கடக்கென்று சொல்லியிருக்கும்.

அப்புறம் ஒன்று. ஊட்டியிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பண்ண இன்ஜினை ஆஃப் செய்கிற பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் போய்விடும், இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். சாவியை உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும், கொண்டை ஊசி வளைவில்!

அவர் வண்டிக்கு இரண்டு பக்கப் புஷ்ஷும் மாற்றி, அதன் பிறகு அலைன்மென்ட் செய்தோம். ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தால் லேசாக இன்னும் தெரிகிறது என்றார். அது இருக்கும், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிப்படியாக மிதியுங்கள் என்றேன். கிழிந்த புஷ்ஷைக் கேட்டு வாங்கி ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டார். மூன்று தடவை அலைன்மென்ட் செய்த கடையில் காட்ட வேண்டுமாம்.