பாஸ்பரஸ் மாத்திரை: எப்போது, எப்படி?

சிறுநீரகம் செயலிழந்து, ஒரு டயாலிசிஸைக்கூடத் தவறவிடாதவர்களுக்கும் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுகிறது. ஏன் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினசரி உணவில் 1000 மி.கி. பாஸ்பரஸ், அதில் 600 மி.கி. குடலிலிருந்து ரத்தத்தில் சேர்ந்தால் வாரத்துக்கு 4200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் வெளியேறுவது 800 மி.கி. அளவு, வாரம் மூன்று முறை செய்தாலும் 2400தான். மீதி 1800 மி.கி.யைக் குடலிலேயே மடக்கிப் பிடிக்கத்தான் பாஸ்பரஸ் மாத்திரை தருகிறோம்.

இயந்திரத்தில் குறையில்லை. பாஸ்பரஸின் பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மளமளவென்று இறங்கும். பிறகு உள்ளேயிருந்து மெதுவாகத்தான் வந்து சேரும். அதனால் டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டினால் பலன் உண்டு, அரைமணி முன்னதாக எழுந்துபோனால் நஷ்டம். டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்தில் அளவு மறுபடி ஏறிவிடும் என்பதால், பரிசோதனைக்கான ரத்தத்தைத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். குழாயில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

இயல்பான அளவு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு 5.5-க்குக் கீழே வைக்கப் பார்க்கிறோம். அதைத் தாண்டினாலும் பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அரிப்பும் எலும்பு வலியும் வரும் முன்பே ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியத் தொடங்கியிருக்கலாம்.

மாத்திரை பலன் தரவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது விழுங்குகிறீர்கள் என்பதுதான். உணவில் உள்ள பாஸ்பரஸை வயிற்றிலும் குடலிலும் பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதே இதன் வேலை. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க எதுவும் இல்லை. கால்சியம் மாத்திரையாக இருந்தால் கால்சியம் மட்டும் ரத்தத்தில் ஏறும். முதல் கவளத்தோடு போடுங்கள். மறந்துவிட்டால் சாப்பிட்டு முடித்த கையோடு போடலாம். இரண்டு மணி நேரம் கழித்து நினைவு வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக வேண்டாம். மூன்று வேளைக்கும் ஒவ்வொன்று என்று எழுதியிருந்தாலும் எல்லா வேளையும் ஒரே அளவு சாப்பிடுகிறவர் குறைவு. இறைச்சியோ பால் பொருளோ அதிகம் சேரும் வேளைக்கு மாத்திரையை மாற்றித்தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

பாஸ்பரஸ் மாத்திரையில் பல வகை உண்டு. செவலமர் மாத்திரை ஈரம் பட்டால் உப்பும். உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். மலச்சிக்கல் வரக்கூடும். லாந்தனத்தை நன்றாக மென்றாக வேண்டும். (மெல்லாமல் விழுங்கியவரின் வயிற்று எக்ஸ்ரேயில் அது வெள்ளைப் புள்ளிகளாகவே தெரியும்.) இரும்பு சேர்ந்த வகையில் மலம் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம். கால்சியம் கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் தேவை. அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்ந்தால் அதன் வீரியம் குறையும். தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் போடுகிறவர்கள் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பாஸ்பரஸுக்குப் பயந்து புரதத்தைக் குறைப்பது பெரிய தவறு. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். முட்டை வெள்ளைக்கரு ஒன்றில் 3.6 கிராம் புரதம், பாஸ்பரஸ் வெறும் 5 மி.கி.; மஞ்சள் கருவிலோ 60 மி.கி.க்கு மேல். குறைக்க வேண்டியது, பொட்டலங்களில் அடைத்து வரும் உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளை. பருப்பு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸில் பாதிகூடக் குடலில் சேராது. இந்த உப்புகள் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். லேபிளில் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ள சேர்மானக் குறியீட்டு எண்களோ, 'பாஸ்' என்ற எழுத்துகள் வரும் பெயரோ இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கோலா பானத்தில் இருப்பது 338.

இத்தனையும் சரியாக இருந்தும் இறங்காவிட்டால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனைப் பார்க்க வேண்டும். அது மிகுந்தால் எலும்பே பாஸ்பரஸை வெளிவிடும். கால்சிட்ரியால் (வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம்) எடுப்பவருக்குக் குடல் கூடுதலாக உறிஞ்சும். பாஸ்பரஸ் அளவு திடீரென்று 2.5-க்குக் கீழே போனால், நோயாளி சரியாகச் சாப்பிடுகிறாரா என்று அன்றே விசாரிக்க வேண்டும்.